நீல ஃபில்டரில் தெரிந்த கண்கள்

என் கேமராவுக்கு நிறம் தெரியாது. கறுப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் டிஜிட்டல் கேமரா அது. எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, வேண்டுமானால் பிறகு நிறத்துக்குத் திரும்பிக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. வெளிச்சம் கூடுதலா குறைவா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். பாம்பேயில் ஃபோர்ட் பக்கம் பழைய கேமராக்கள் விற்கும் கடை ஒன்றில் அதை வாங்கினேன். கூடவே நான்கு ஃபில்டர்கள் வாங்கினேன். மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம். லென்ஸின் முகப்பில் திருகி மாட்டும் வட்டக் கண்ணாடிகள்.

ஃபில்டரின் வேலை எளிமையானது. தன் நிறத்து வெளிச்சத்தை உள்ளே விடும், மற்ற நிறங்களை மறித்துவிடும். சிவப்பை மாட்டினால் தக்காளி வெளுத்துப்போகும், வானம் கறுத்துவிடும். செம்பூரில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து மாஹுல் பக்கத்துப் புகைபோக்கிகள் தெரியும். மழைக்கு முன் ஒரு நாள், நல்ல வெயிலில், சிவப்பு ஃபில்டர் போட்டு அவற்றை எடுத்தேன். படத்தில் வானம் அட்டக் கறுப்பாக இருந்தது. அதன் நடுவே வெள்ளைப் புகை மட்டும் நின்றது. மாடியில் துணி காயப்போட வந்த பக்கத்து ஃபிளாட் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுவா இப்ப எடுத்தது? என்னமோ ஊரே காலியாப் போன மாதிரி இருக்கே" என்றாள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அந்த மாதிரிப் படங்கள்தான் அப்போது எனக்குப் பிடித்தன.

முகங்களுக்கு நான் நீலத்தை வைத்துக்கொண்டேன். யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். நம் தோலில் இருக்கும் சிவப்பையும் மஞ்சளையும் நீலம் முழுக்க மறித்துவிடும். முகம் இரும்புபோல் இறுகிக் கறுக்கும். உதடு மையாகும். பழைய தழும்பு, முகப்பரு வடு, வெயில் பட்ட கறை எல்லாம் மேலே வந்துவிடும். அவ்வளவு கறுப்பிலும் கண்ணின் வெள்ளை மட்டும் பளீரென்று நிற்கும். கிங்ஸ் சர்க்கிளில் பூ விற்பவர், அங்கே டெம்போ ஓட்டுகிறவர், எங்கள் ஆபீஸ் வாட்ச்மேன் என்று நாற்பது ஐம்பது பேரை அப்படி எடுத்திருப்பேன். ஒவ்வொருவர் முகத்திலும் அந்த இரண்டு வெள்ளைகள் நேராக என்னைப் பார்க்கும். கண்ணின் வெள்ளை எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாட்டுங்காவில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. என் பக்கத்து மேஜையில் இருந்தவள் தாராவிப் பெண். பி.காம் முடித்தவள், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. போனில் இந்தியும், மேனேஜரிடம் இங்கிலீஷும், என்னிடம் அவள் வீட்டுத் திருநெல்வேலிப் பேச்சுமாக நாள் முழுக்க ஓடிக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தாய் இல்லை. அதனால் வளைகாப்பு, பிரசவம் எல்லாமே மாமியார் வீட்டில் என்று முடிவாகியிருந்தது. ஆடி பிறப்பதற்குள் வளையலைப் போட்டுவிட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள்.

"அக்கா, கண்டிப்பா வரணும். அந்தக் கறுப்பு கேமராவையும் கொண்டாங்க. கலர்ல எடுக்க ஊர்பட்ட ஆளு இருக்கு" என்றாள்.

அந்த வாரம் அவள் இரண்டு நாள் லீவு போட்டாள். காய்ச்சல் என்றாள். திரும்பி வந்தபோது டப்பாவைத் திறந்தாள், உடனே மூடிவிட்டாள். சோற்று வாசம் ஆகவில்லையாம். ஏழாம் மாதத்தில் இப்படி இருக்குமா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஆபீஸில் எல்லாப் பெண்களும் ஒன்றைத்தான் சொன்னார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம். நானும் அதையேதான் சொன்னேன்.

தாராவியில் அவர்கள் வீடு ஒரே அறை. கோலி என்பார்கள். மேலே இரும்பு ஏணி ஏறிப் போனால் தகரத்தில் இன்னொரு தட்டு. சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே பகலிலும் பல்பு எரிந்தாக வேண்டும். மஞ்சள் பல்பு. அன்று மழை வேறு. சந்தின் ஓரத்துச் சாக்கடை நிறைந்து, அதற்குள் கிடந்த தண்ணீர்க் குழாய்களை மூடிக்கொண்டு ஓடியது. நான் அதைத் தாண்டித்தான் உள்ளே போனேன். பார்க்கவும் செய்தேன். பாம்பேயில் பிறந்து வளர்ந்த கண்ணுக்கு அது ஒரு காட்சியாகவே படவில்லை.

உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குப் பச்சைப் பட்டு. முகம் கை எல்லாம் சந்தனமும் மஞ்சளும். சிரித்தாள். ஆனால் இடையிடையே கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். புது வளையல் உறுத்துகிறது என்றாள். அவள் மாமியார், உயரமான மனுஷி, சத்தமான குரல், எனக்கு ஒரு டம்ளர் ரஸ்னா கொண்டுவந்து நீட்டினார்.

"குடிங்கம்மா. கூட்டத்துல வேர்த்து ஊத்துதுல்லா. நல்லாப் படம் புடிங்க, எம் மருமவ ராசாத்தி கணக்கா இருக்கா."

குடித்தேன். பிறகு நீல ஃபில்டரை மாட்டினேன். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நீலக் கண்ணாடி வழியே எதுவும் உள்ளே வராது. அதனால் சின்ன ஃபிளாஷ் ஒன்றைப் பொருத்திக்கொண்டேன். அவளைத் தனியாக, மாமியாரோடு, பிறகு எல்லாப் பெண்களோடும் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

சாயங்காலம் வீட்டில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாமியாரும் அவளும் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் படம். இருவர் முகமும் கறுத்திருந்தன. மாமியாரின் கண்கள் வழக்கம்போல வெள்ளை. அவளுக்கு அந்த வெள்ளை இல்லை. விழிக்கும் இமைக்கும் நடுவே சாம்பல் பூசியதுபோல் இருந்தது. கண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சேற்றால் அடைத்த மாதிரி.

முதலில் ஃபிளாஷ் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். அடுத்த படத்தைப் பார்த்தேன். அதிலும் அப்படியே. அவள் தலை திருப்பியிருந்த படத்திலும் அப்படியே. எல்லாப் பெண்களும் இருக்கும் படத்தைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கினேன். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. பின் வரிசையில் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணுக்கு மட்டும் அதே சாம்பல்.

நீலக் கண்ணாடி எதைக் கறுப்பாக்கும் என்று எனக்குத் தெரியும். மஞ்சளை. கண்ணில் மஞ்சள் என்றால் என்ன என்றும் தெரியும்.

என் கேமராவில் நிறம் இல்லை, சரிபார்க்க வழியில்லை. வளைகாப்புக்கு வந்தவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கலர்ப் படங்களைத் தேடினேன். அந்த பல்பு வெளிச்சத்தில் எல்லோருமே மஞ்சளாக இருந்தார்கள். மீதிப் படங்களில் போனே முகத்தை வழித்துச் சீராக்கி, கண்ணை வெளுக்க வைத்திருந்தது. அதற்கும் ஃபில்டர் என்றுதான் பெயர். அவற்றில் அவள் அழகாக, ஆரோக்கியமாக இருந்தாள்.

அவளுக்கு போன் செய்தேன்.

"எப்படிம்மா இருக்கே?"

"டயர்டா இருக்குக்கா. அவ்வளவுதான்."

"யூரின் எப்படிப் போறது?"

சிரித்தாள். "என்னக்கா இதெல்லாம் கேக்கிய? காப்பி கலர்ல போகுது. தண்ணி கம்மியாக் குடிக்கேன்ல."

நாளைக்குக் காலையில் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். போனில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மறுநாள் ஆபீஸுக்குப் போகாமல் தாராவிக்குப் போனேன். அவள் பாயில் படுத்திருந்தாள். புருஷன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பெல்ட், பர்ஸ் தைக்கும் பட்டறையில் சூப்பர்வைசர். போட்டோ எடுத்ததில் கண் ஒரு மாதிரி தெரிகிறது, மஞ்சள் காமாலையாக இருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது என்று சொன்னேன்.

அவன் என் போனில் இருந்த படத்தைப் பார்த்தான். முகம் சுருங்கியது. "இதுல எல்லாருமே பேய் மாதிரிதான இருக்காங்க மேடம். எங்கம்மாவப் பாருங்க. இத வச்சு நோவுன்னு சொல்லுதிய?"

அவன் சொன்னதில் தப்பில்லை. அந்தப் படங்களை அப்படித்தான் எடுத்திருந்தேன்.

மாமியாருக்குக் கோபம். "வளையல் போட்டு ஒரு நாள் ஆவல. வாசல்ல வந்து நின்னு இப்படிச் சொல்லலாமாம்மா? நாங்க பாக்காமலா இருக்கோம்? எங் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலயே."

"இந்த பல்பு வெளிச்சத்துல யாருக்குமே தெரியாதும்மா" என்றேன். "வெளிய கூட்டிண்டு போய்ப் பாருங்கோ. ஒண்ணும் இல்லேன்னா நான் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

அவர் மருமகளின் கையைப் பிடித்து எழுப்பினார். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "சும்மா இருல" என்று அவனை அடக்கிவிட்டுச் சந்தில் நடந்தார். அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக நடந்தாள். புது வளையல்கள் ஒவ்வொரு அடிக்கும் சத்தம் போட்டன. சந்து முடிந்து ரோடு வந்தது. மழை விட்டிருந்தது. மேகம் மூடிய வானம்தான், ஆனாலும் பகல் வெளிச்சம். மாமியார் அவளை வானத்தைப் பார்க்கச் சொல்லி, கட்டைவிரலால் கீழிமையை இழுத்தார்.

எலுமிச்சை நிறம். அவள், "என்னத்த? என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

மாமியார் மகனிடம் திரும்பினார். "ஆட்டோவ நிறுத்துல."

பெரிய ஆஸ்பத்திரியில் வரிசை வாசல்வரை நின்றது. மாமியார் வரிசையில் நிற்கவில்லை. மருமகளை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக உள்ளே போனார். தடுத்த செக்யூரிட்டியிடம் அவர் பேசிய இந்தியை நான் அதுவரை கேட்டதில்லை. சின்ன வயது டாக்டர் ஒருத்தி கண்ணைப் பார்த்தாள், வயிற்றைத் தொட்டாள், கையில் தெரிந்த சொறிந்த தடங்களைப் பார்த்தாள். பிறகு எங்களிடம், "இத்னே தின் க்யா கர் ரஹே தே?" என்று கேட்டாள். இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். திட்டுவதுபோல் கேட்டிருந்தால் தேவலை. மெதுவாகக் கேட்டாள்.

ரத்தப் பரிசோதனையில் உறுதியானது. தண்ணீரில் வரும் காமாலை. மற்றவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் ஓய்வெடுத்தால் போய்விடும், மாசமாக இருப்பவர்களுக்கு, அதுவும் கடைசி மாதங்களில், இது வேறு மாதிரி போகலாம் என்று டாக்டர் சொன்னாள். வேறு மாதிரி என்றால் என்ன என்று புருஷன் கேட்டான். ஈரல் வேலையை நிறுத்தினால் மூளையைத் தொடும் என்றாள். யாராவது பக்கத்திலேயே இருந்து பேச்சுக் கொடுங்கள், பேச்சு மாறினால் உடனே கூப்பிடுங்கள்.

அதிலிருந்து அது எங்கள் வேலையாயிற்று. மாமியாரும் புருஷனும் நானும் மாறி மாறி அவள் கட்டில் அருகே உட்கார்ந்து கேள்வி கேட்டோம். இன்றைக்கு என்ன கிழமை, உன் வீட்டுச் சந்துக்கு எப்படி வர வேண்டும், ஆபீஸில் என் மேஜை எந்தப் பக்கம். முதலில் சலித்துக்கொண்டு பதில் சொன்னாள். மாமியார் சொந்தக்காரர்கள் பெயராகக் கேட்பார். அவள் கண்ணை மூடிக்கொண்டே ஒப்பிப்பாள். ஒரு மத்தியானம் நான் உட்கார்ந்திருந்தபோது கண்ணைத் திறந்து, ஜன்னலைப் பார்த்து, "ஆபீஸ்ல லைட்ட யாருக்கா அணைச்சது?" என்று கேட்டாள். வெளியே நல்ல வெயில். நான் எழுந்து ஓடினேன்.

அவளை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். உள்ளே எங்களை விடவில்லை. அங்கே குழந்தையின் துடிப்பு நின்றுபோனது. அவள் பிழைப்பாளா என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மாமியார் வராந்தாத் தரையில் உட்கார்ந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அழவில்லை. "நாந்தாம்மா அந்தத் தண்ணியப் புடிச்சு வச்சேன். மொத ரெண்டு கொடம் சாக்கட வாட அடிக்கும், அதக் கொட்டிட்டுப் பொறவு வாறதப் புடிப்பேன். எல்லாரும் அப்படித்தான் புடிக்கோம்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் அவர் கொடுத்த ரஸ்னாவை நினைத்துக்கொண்டேன். கிருமி உள்ளே போனால் நோய் வெளியே தெரிய வாரக்கணக்கில் ஆகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். அன்று முதல் ஒவ்வொரு காலையும் குளியலறைக் கண்ணாடி முன் நின்று நீல ஃபில்டரில் என்னை நானே எடுத்துக்கொண்டேன். என் முகத்தை அந்தக் கறுப்பில் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. கண்ணை மட்டும் பெரிதாக்குவேன். வெள்ளைதான். ஆனால் நேற்றைவிட ஒரு சாயல் மங்கலோ என்று ஒவ்வொரு நாளும் தோன்றும். நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல் ஒரு நாள் என்னை லேபுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகும் சில நாள் எடுத்தேன்.

இதற்குள் சந்தில் செய்தி பரவிவிட்டது. தாம்பாளம் பிடித்து நின்ற பெண் யார் என்று கேட்க நான் போயிருந்தேன். ஐரோலியிலிருந்து வளைகாப்புக்கு வந்த உறவுக்காரி, அதற்கு முன் ஒரு மாதம் இதே வீட்டில் தங்கியிருந்தவள். அவளுக்கு போன் போட்டுச் சொன்னார்கள். அவளும் டாக்டரிடம் போனாள், படுத்து எழுந்து தேறிவிட்டாள். ஆனால் அன்று நான் சந்துக்குள் நுழைந்ததுமே இரண்டு கதவுகள் சாத்திக்கொண்டன. "போட்டோ புடிக்கிற பொம்பள வாறா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. என்னிடம் கேமராகூட இல்லை. கைப்பையைத்தான் அப்படிப் பார்த்தார்கள்.

இன்னும் சிலர் அதற்கு நேர்மாறாக இருந்தார்கள். மறுநாள் கேமராவோடு வரச் சொல்லிக் கெஞ்சினார்கள். போனேன். சந்தின் முனையில் வரிசையாக நின்றார்கள். பெண்கள், பட்டறை ஆட்கள், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி. ஒவ்வொருவரும் என் முன் வந்து, சிரிக்காமல், கண்ணை முடிந்த மட்டும் அகலத் திறந்து நின்றார்கள். இது டெஸ்ட் இல்லை, ரத்தம் கொடுத்துப் பாருங்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று நான் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். அவர்கள் அதைக் கேட்கவில்லை. "வெள்ளையா? எனக்கு வெள்ளையா இருக்கா?" என்பதுதான் கேள்வி. பட்டறையில் வேலை செய்யும் ஒருவருக்கு இல்லை. திரையில் பார்த்ததும் நான் எதுவும் சொல்வதற்குள் என் முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார். வரிசையை விட்டு விலகிப்போய்ச் சுவரோரம் நின்றார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் அவரிடமிருந்து ஓரடி தள்ளி நின்றார்கள்.

பிறகு கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து சந்தைத் தோண்டினார்கள். சாக்கடைக்குள் கிடந்த குழாயின் ஒரு இணைப்பு விட்டுப்போயிருந்தது. அதை மாற்றினார்கள். மற்ற குழாய்கள் அப்படியே சாக்கடைக்குள் கிடக்கின்றன.

அவள் பிழைத்துக்கொண்டாள். இரண்டு மாதம் கழித்து ஆபீஸுக்கு வந்தபோது தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கையில் வளையல் இல்லை. ஒரு மாதம் போல அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. பிறகு ஒரு மத்தியானம், "அக்கா, அந்தப் போட்டோ வேணும்" என்றாள். வாட்ஸ்அப்பில் நிறைய அழகான படங்கள் இருக்கின்றனவே, இது வேண்டாமே என்றேன். "அதுல எல்லாம் நான் நல்லா இருக்கேன். அன்னைக்கு நான் நல்லா இல்லல்லா. எனக்கு அந்த உண்மையான படந்தான் வேணும்" என்றாள். பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். பச்சைப் பட்டு வெறும் சாம்பலாக இருந்தது. வயிற்றின் மேல் வைத்த கை நிறைய வளையல். கவரில் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டில் யாருக்கும் காட்டினாளா என்று நான் கேட்டதில்லை.

நான் அதற்குப் பிறகு நீல ஃபில்டரில் முகங்களை எடுப்பதில்லை. எடுத்த பழைய படங்களையும் ஒரு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மூடினேன். டெம்போ ஓட்டுகிறவரின் கண்ணில் சின்னதாக ஒரு மங்கல் இருந்தது. அவரைத் தேடி இரண்டு மூன்று முறை கிங்ஸ் சர்க்கிள் போனேன். ரூட் மாறிப் போய்விட்டார் என்றார்கள்.

அவள் வீட்டார் தாராவியை விட்டு ஐரோலிக்குக் குடிபோய்விட்டார்கள். மாமியார்தான் பிடிவாதமாக வீடு மாற்ற வைத்தார். இந்த வருஷம் மழை தொடங்கியபோது அவளுக்கு மறுபடி ஐந்தாம் மாதம். புது வீட்டில் தண்ணீர் நன்றாக வருகிறது, ஆனாலும் கொதிக்கவைத்து பாட்டிலில் எடுத்து வருகிறாள். ஆபீஸில் யார் கொடுத்தாலும் டீகூடக் குடிப்பதில்லை. டாக்டரிடம் மாதாமாதம் போகிறாள், ரத்தம் கொடுக்கிறாள், எல்லாம் சரியாக இருக்கிறது.

இருந்தும் காலையில் வந்ததும் பையை வைத்துவிட்டு என்னை ஜன்னல் பக்கம் கூப்பிடுகிறாள். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும். அவள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்று, கட்டைவிரலால் தன் கீழிமையைத் தானே இழுத்துக் காட்டுகிறாள்.

"பாருங்கக்கா."

பார்க்கிறேன். "வெள்ளையா இருக்கும்மா."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

மேகம் கறுத்திருக்கும் நாட்களில் எனக்கும் சரியாகத் தெரிவதில்லை. அவளை இன்னும் கொஞ்சம் ஜன்னலோரம் நகர்த்தி, மறுபடி பார்க்கிறேன்.